பதவியேற்ற நாளின் பேப்பர்: ஆறு நாள் அலைச்சல்

முதல் நாள், புதன்: வூஸ்டர்

மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாக்களுக்கு அமெரிக்காவில் மூன்று வேலைகள். பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவது, காஸ்ட்கோவில் வண்டி தள்ளுவது, நயாகராவில் நனைவது. மூன்றையும் முடித்தாயிற்று. ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதில் எனக்கென்று ஆறு நாள் கேட்டேன்.

"எங்கப்பா?" என்றான் மகன்.

"பழைய பேப்பர் வாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். மதுரையில் வாசலுக்குத் தராசோடு வரும் பழைய பேப்பர்காரரிடம் நான் விற்றதைவிட வாங்கியதுதான் அதிகம் என்று அவனுக்குத் தெரியும். வாங்குவதெல்லாம் கிடையாது, பொறுக்குவேன். குடியரசுத் தலைவர் பதவியேற்ற மறுநாள் பேப்பர் என்றால் விடமாட்டேன். 1962 மே மாதம் ராதாகிருஷ்ணன், 1987 ஜூலையில் ஆர். வெங்கட்ராமன், 2002 ஜூலையில் அப்துல் கலாம். மூன்றும் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருக்கின்றன. 1950 ஜனவரி 27 மட்டும் இன்னும் சிக்கவில்லை.

இந்த நாட்டில் 1789-லிருந்து பதவியேற்று வருகிறார்கள். எல்லாவற்றையும் சேர்க்க நமக்கு ஆயுளும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஒன்றே ஒன்று போதும் என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்ற 1865 மார்ச் 4. அந்தப் பேச்சு அச்சான ஏதாவது ஒரு பேப்பர். என் கையிருப்பு இருநூறு டாலர். அதற்கு மேல் போனால் மகனிடம் கேட்க வேண்டும், கேட்க மாட்டேன்.

பாஸ்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். எழுதுவது வொர்செஸ்டர், சொல்வது வூஸ்டர். டிக்கெட் கொடுத்தவர் என் உச்சரிப்பைக் கேட்டு இரண்டு முறை திருத்தினார். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிக்கேன் ஆக்கிய வம்சம்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இங்கே வந்தது வாங்குவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி என்ற நூலகம் இங்கே இருக்கிறது. 1812-ல் ஐசையா தாமஸ் என்ற அச்சுக்காரர் தொடங்கியது. இருபது லட்சத்துக்கும் மேல் பத்திரிகை இதழ்கள். தாமஸ் பாஸ்டனில் 'மாசச்சூசெட்ஸ் ஸ்பை' என்ற பத்திரிகையை நடத்தினார். வெள்ளைக்காரப் பட்டாளம் பிடித்துவிடும் என்று 1775 ஏப்ரலில் அச்சு இயந்திரத்தைக் கழற்றி, ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடந்து இந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். சில நாளில் அமெரிக்கச் சுதந்திரப் போரின் முதல் சண்டை லெக்ஸிங்டனில் மூண்டது. மே 3-ம் தேதி இதே ஊரிலிருந்து பேப்பர் வந்துவிட்டது. அவருடைய பழைய மர இயந்திரம் இன்னும் இங்கே நிற்கிறது. அதை 'பழைய ஒன்றாம் நம்பர்' என்று கூப்பிடுகிறார்கள், யானைக்குப் பேர் வைத்த மாதிரி.

பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்தேன். பையையும் பேனாவையும் வெளியே வைக்கச் சொன்னார்கள், பென்சில் மட்டும் உண்டு. என் மனைவி கொண்டுவந்திருந்த புளியோதரையும் வெளியிலேயே நின்றுவிட்டது.

'கெஜட் ஆஃப் த யுனைடெட் ஸ்டேட்ஸ்' பத்திரிகையின் 1789 மே மாத இதழ்களைக் கேட்டிருந்தேன். ஜார்ஜ் வாஷிங்டன் ஏப்ரல் 30 வியாழக்கிழமை பதவியேற்றார், பேப்பர் மே 2 சனிக்கிழமை வந்தது. இருநூற்றுச் சொச்சம் வருடப் பழசு. தொட்டால் பொடியாகிவிடும் என்று பயந்துகொண்டே விரலை வைத்தேன். துணி மாதிரி வளைகிறது! துணியேதான். 1860-கள் வரை பேப்பரை கந்தல் துணியில்தான் செய்தார்கள். நார்த்துணியும் பருத்தியும். அப்புறம்தான் மரக்கூழ் வந்தது. மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் இருப்பதால் தன்னைத்தானே தின்றுகொள்ளும். என் பீரோவில் இருக்கும் 1962 பேப்பர் அப்பள நிறத்துக்கு வந்து ஓரம் உதிர்கிறது. இவர்களுடைய 1789 பேப்பர் நேற்று வெளுத்த வேட்டி மாதிரி இருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது.

பத்தொன்பது வருடம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டராக இருந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்தின் பின்புறம் லேசாக விரலை ஓட்டினேன். எழுத்து அழுந்திய மேடு விரலுக்குத் தெரிகிறது. ஈய எழுத்தை நனைத்த தாளில் அழுத்தினால்தான் அது வரும். ஆங்கிலத்தில் சொல்லின் நடுவில் வரும் எஸ் எழுத்தை அன்றைக்கு எஃப் மாதிரி நீட்டி எழுதுவார்கள், அச்சிலும் அப்படித்தான். முதல் பத்து நிமிடம் தடுமாறினேன், அப்புறம் பழகிவிட்டது. 1978-க்கு முந்தைய தமிழ்ப் புத்தகத்தில் தும்பிக்கை வைத்த 'லை'யைப் பார்த்து என் பேரன் விழிப்பது போலத்தான்.

மார்ச் 4-ம் தேதியே புது அரசு தொடங்க வேண்டியது. அவைக்குப் போதுமான உறுப்பினர்களே வந்து சேரவில்லை. சேறும் குளிரும் கடந்து அவர்கள் வந்து, வாக்குகளை எண்ணும்போது ஏப்ரல் 6 ஆகிவிட்டது. அப்புறம்தான் வாஷிங்டன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, ஜெயித்துவிட்டீர்கள் வாருங்கள் என்றார்கள்.

இரண்டாம் நாள், வியாழன்: நியூயார்க்

காலை பேருந்தில் கிளம்பி மத்தியானம் வந்து சேர்ந்தோம். ஃபெடரல் ஹால் வால் ஸ்ட்ரீட்டில் 26-ம் எண். வாஷிங்டன் உறுதிமொழி எடுத்த கட்டடம் இது இல்லை, அதை 1812-லேயே இடித்துவிட்டார்கள். அவர் நின்ற கல் பலகையை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார்கள். வாசலில் அவருடைய சிலை. அதன் காலடியில் உட்கார்ந்து புளியோதரையை முடித்தோம்.

அன்றைக்கு பைபிள் கொண்டுவர மறந்துவிட்டார்களாம். பக்கத்தில் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கம் ஒன்றிலிருந்து ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். கல்யாணத்தில் தாலியை மறந்துவிட்டு வந்த கதை. "எல்லா ஊர்லயும் இதே கூத்துதான்" என்றாள் இவள்.

சாயங்காலம் பார்க் ரோ வரை நடந்தோம். ஒரு காலத்தில் தெரு முழுக்கப் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த இடம். ட்ரிப்யூன் கட்டடம் போய்விட்டது, வேர்ல்ட் கட்டடம் போய்விட்டது. டைம்ஸ் இருந்த கட்டடம் மட்டும் 41-ம் எண்ணில் நிற்கிறது, அதுவும் இப்போது ஒரு பல்கலைக்கழகத்துக்கு. எதிரே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கையில் பத்திரிகையோடு சிலையாக நிற்கிறார். அந்த வட்டாரத்தில் அன்று மாலை பத்திரிகை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் நாள், வெள்ளி: பிலடெல்பியா

சுதந்திர மண்டபத்தை ஒட்டி காங்கிரஸ் ஹால். 1793-ல் வாஷிங்டன் இரண்டாம் முறை பதவியேற்றது இங்கே மாடியில். மொத்தப் பேச்சு 135 சொல். 1797-ல் ஜான் ஆடம்ஸ் பதவியேற்றது கீழே. ஒரு ஆள் இறங்கி இன்னொரு ஆள் சண்டையில்லாமல் ஏறியது உலகத்துக்கே புதுசு என்று வழிகாட்டி உருக்கமாகச் சொன்னார். எனக்கு அதைவிட அந்த வாரத்துப் பேப்பர்கள் மேல்தான் கண்.

ஏனென்றால் பேப்பர்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தன. ஜான் ஃபென்னோ நடத்திய கெஜட் இதற்குள் நியூயார்க்கிலிருந்து இந்த ஊருக்கு வந்துவிட்டது. அது அரசு பக்கம். எதிர்ப்பக்கம் 'அரோரா', நடத்தியவர் ஃபிராங்க்ளினின் மகள் வயிற்றுப் பேரன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாஷ். வாஷிங்டன் பதவியிலிருந்து இறங்கிய கையோடு, 1797 மார்ச் 6-ம் தேதி அரோரா எழுதியதன் சாரம் இது: நாட்டின் துன்பங்களுக்கெல்லாம் காரணமான மனிதர் இன்று மற்றவர்களைப் போல வெறும் குடிமகனாகிவிட்டார், ஆனந்தப்படுங்கள். யாரை? தேசத்தின் தந்தையை! இன்றைக்குத் தொலைக்காட்சியில் நடக்கும் கூச்சலைப் பார்த்து 'அந்தக் காலத்தில் எவ்வளவு கண்ணியம்' என்று பேசுகிறவர்களை இந்த ஒரு பேப்பரைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் ஊரில் மஞ்சள் காய்ச்சல். 1798 செப்டம்பர் 10-ம் தேதி பாஷ் செத்தார், வயது 29. நாலே நாளில், 14-ம் தேதி, ஃபென்னோவும் போய்ச் சேர்ந்தார். பல வருடப் பகையைக் கொசு தீர்த்து வைத்தது. அது கொசுவின் வேலை என்பதுகூட அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

மார்க்கெட் தெருவில் ஃபிராங்க்ளினின் வீட்டு வளாகத்தில் ஒரு அச்சகம் வைத்திருக்கிறார்கள். பூங்காத் துறை ஊழியர் பழைய முறையில் அச்சடித்துக் காட்டுகிறார். தோல் பந்தில் மை தொட்டு எழுத்தின் மேல் ஒற்றி, தாளை வைத்து, கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறார். கூட்டம் கலைந்ததும் கிட்டே போனேன். கட்டி வைத்திருந்த பக்கத்தைத் தலைகீழாகவே படித்துக் காட்டினேன். ஈய எழுத்து கண்ணாடி பிம்பமாக இருக்கும். அதைத் தலைகீழாக வைத்தால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். எந்த ஊர் கம்பாசிட்டரும் அப்படித்தான் படிப்பான். அவர் "நீங்கள் எந்த அச்சகம்?" என்றார். "மதுரை மேலமாசி வீதி" என்றேன். என்ன புரிந்ததோ, கை கொடுத்தார். அவர் கையிலும் மை, என் கையிலும் மை. ரொம்ப நாளாயிற்று.

நான்காம் நாள், சனி: எக்ஸ்டன்

மச்சினன் மகன் வீடு. ஓய்வு. இவள் அண்ணன் மகனுக்கு வத்தக்குழம்பு வைக்கக் கிளம்பிவிட்டாள்.

"மாமா, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்று மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தான். 2009 ஜனவரி 21, ஒபாமா பதவியேற்ற மறுநாள் பேப்பர். அந்தக் குளிரில் வரிசையில் நின்று வாங்கினானாம், மூன்று பிரதி. "பாப்பா காலேஜ் போறப்ப இது என்ன விலை போகும் மாமா?"

எப்படிச் சொல்வது? அன்றைக்கு வாங்கினவர்கள் எல்லாருமே பத்திரப்படுத்தத்தான் வாங்கினார்கள். பத்திரிகைகளும் அதற்கென்றே கூடுதலாக அடித்துத் தள்ளின. எல்லாரும் எடுத்து வைத்தது என்றைக்கும் அரிதாகாது. வடை மடிக்கவும், ஷெல்ஃபில் விரிக்கவும், அடுப்புப் பற்றவைக்கவும் போனது போக எஞ்சுவதுதான் அரிது. "காலேஜ் அட்மிஷன் பாரம் வாங்கலாம்டா" என்றேன். மூஞ்சி தொங்கிவிட்டது. வத்தக்குழம்பு வந்ததும் சரியானான்.

சாப்பாட்டுக்கு அப்புறம், எந்தப் பதவியேற்புக்கு மவுசு என்று கேட்டான். எனக்குப் பிடித்தது இரட்டைச் செய்தி உள்ள நாட்கள்தான். 1981 ஜனவரி 20, ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் ஈரான் அமெரிக்கப் பணயக் கைதிகளை விடுவித்தது. மறுநாள் பேப்பரில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். இது மலிவாகவே கிடைக்கும். 1933 மார்ச் 4, ரூஸ்வெல்ட் பதவியேற்ற காலையில் நியூயார்க்கில் வங்கிகளையே மூடிவிட்டார்கள். பதவியேற்பு மார்ச் மாதத்தில் நடந்தது அதுதான் கடைசி, 1937-லிருந்து ஜனவரி 20. 1841-ல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் குளிரில் நின்று 8,445 சொல் பேசினார், இன்றுவரை அதுதான் நீளம். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 4-ம் தேதி இறந்துபோனார். பதவியேற்பு பேப்பர் ஒன்று, சாவு பேப்பர் ஒன்று என்று ஜோடியாகத் தேடுவார்கள்.

போலிகளும் உண்டு. இரண்டு வருடம் முன்பு மகன் மூலமாக இணையத்தில் ஒருவரிடம் 1865 ஏப்ரல் 15 நியூயார்க் ஹெரால்ட் வாங்கினேன், லிங்கன் சுடப்பட்ட செய்தி. அறுபது டாலர். முதல் பக்கத்தில் லிங்கன் படம் வேறு, பார்க்க லட்சணமாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, மூல இதழில் படமே கிடையாது. படம் போட்டதெல்லாம் பிற்பாடு நினைவுப் பொருளாக அடித்தவை. பின்பக்கம் விரலை ஓட்டியிருந்தாலே தெரிந்திருக்கும், மேடே இல்லை, வழவழவென்று மரக்கூழ்த் தாள். முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் இருந்தவன் படத்தைப் பார்த்து மயங்கினேன்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: ஆடம்ஸ்டவுன்

காலை ஆறரைக்கே மருமகன் காரை எடுத்துவிட்டான். ஆடம்ஸ்டவுன் சின்ன ஊர். சாலையின் இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள்தான், ஞாயிற்றுக்கிழமை சந்தை. நீளக் கொட்டகைகள், உள்ளே வரிசையாகக் கடைகள், வெளியே புல்லில் மேசை போட்டு இன்னும் சில. நம் ஊர் வாரச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பதிலாகப் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பீங்கான் தட்டும் வைத்த மாதிரி. இவள் ஒரு பித்தளைச் சொம்பைக் கண்டுபிடித்து, அதன் அடியைத் தட்டிப் பார்த்து, "இது நம்ம ஊருதான்" என்று சாதித்தாள்.

முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. கென்னடி, கென்னடி, நிலவில் கால் வைத்தது, மறுபடி கென்னடி. ஓர் ஆள் உள்நாட்டுப் போர்க் காலத்து இதழ்களைப் பெட்டியில் அடுக்கியிருந்தார். எல்லாம் நூலகத்து பைண்டிலிருந்து பிரித்தவை, இடது ஓரத்தில் தையல் ஓட்டை வரிசையாக இருந்தது. நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்) வந்ததும் நூலகங்கள் மூலத்தை வெளியே தள்ளியதால்தான் இவ்வளவு பேப்பர் சந்தைக்கு வந்தது. அவரிடம் 1861 மார்ச் இதழ் ஒன்று இருந்தது, லிங்கனின் முதல் பதவியேற்பு. அந்தப் பேச்சைக் குதிரைத் தபால்காரர்கள் 7 நாள் 17 மணி நேரத்தில் கலிஃபோர்னியா பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விலை அறுநூறு. மரியாதையாக உறையை மூடி வைத்தேன்.

கடைசிக் கொட்டகையின் மூலையில் ஒரு பாட்டி. விளக்கு மங்கல். பொத்தான், பழைய சமையல் குறிப்பு, தபால் அட்டை. நடுவில் இரண்டு பேப்பர், தனித்தனி உறையில். ஒன்று 1865 ஏப்ரல் 20. லிங்கன் இறந்த அடுத்த வாரத்து இதழ், இந்தப் பக்கத்துச் சிற்றூர் வாரப் பத்திரிகை. பத்திகளுக்கு நடுவில் கன்னங்கரேல் என்று கனத்த கோடுகள். அதை எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பத்திக்கு நடுவில் கோடு விழ நிறுத்தும் உலோகத் தகடுதான் ரூல், அது மேலே மெல்லிசாக, அடியில் தடிமனாக இருக்கும். துக்கச் செய்தி வந்தால் ரூலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அந்த ஊர்க் கம்பாசிட்டர் அன்று ராத்திரி ஒவ்வொரு ரூலாக உருவித் திருப்பியிருப்பான். விலை நானூறு டாலர்.

இன்னொன்று அதே பத்திரிகை, 1865 மார்ச் 9. உறை மேல் பென்சிலில் 'போர்ச் செய்தி' என்று எழுதி, 35 டாலர் போட்டிருந்தது. மார்ச் 9 வியாழன். 4-ம் தேதி சனி. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், பாட்டி தலையாட்டினார்.

முதல் பக்கத்தில் ஒரு கவிதை, ஒரு கதை, மருந்து விளம்பரம். சரிதான். நாலு பக்கப் பத்திரிகையில் ஒன்றும் நாலும் முதலில் அச்சாகிவிடும், அவை ஒரே தாளின் ஒரே முகம். அவசரச் செய்தி எல்லாம் கடைசியில் அடிக்கும் உள்பக்கத்துக்குத்தான் வரும். அந்தக் காலத்துப் பேப்பரில் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். உள்ளே திருப்பினேன். இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி. தலைப்பு ஒரே வரி, செய்தி எழுத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதன் கீழே முழுப் பேச்சும்.

701 சொல்தான். ஒரே பத்திக்குள் அடங்கிவிட்டது. காலையெல்லாம் மழை, வாஷிங்டன் தெருவெல்லாம் சேறு. லிங்கன் பேச எழுந்தபோது வெயில் வந்தது என்பார்கள். யார் மீதும் வன்மமில்லாமல், எல்லாரிடமும் பரிவோடு என்று தொடங்கும் கடைசி வாக்கியம் பத்தியின் அடியில் வந்து நிற்கிறது. அதற்கு நேர் கீழே, ஒரு கோடு போட்டு, தொலைந்துபோன குதிரைக்கு வெகுமதி. கம்பாசிட்டர் புத்தி, அந்தக் கோடு கொஞ்சம் சாய்ந்திருப்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

ஓரத்தில் தையல் ஓட்டை இல்லை. நூலகத்துப் பிரதி இல்லை, யார் வீட்டிலோ இருந்தது. மேல் ஓரத்தில் மையால் ஒரு பெயர், சந்தாதாரர் பெயரை இப்படி எழுதித்தான் அனுப்புவார்கள். ஏப்ரல் இதழிலும் அதே பெயர், அதே கையெழுத்து. இரண்டிலும் மடிப்புகள் ஒரே இடத்தில்.

முப்பத்தைந்தை எண்ணிக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் பாதிப் பேர் நினைப்பீர்கள். இவளும் கார் ஏறும்வரை அதையேதான் சொன்னாள். "ஏங்க, அந்தம்மா வயசுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" சொல்லியிருக்கலாம். பத்திரிகையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை பாருங்கள், அதுவும் அதே புத்திதான். மற்ற இதழ்களை நானே தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆறாம் நாள், திங்கள்: வாஷிங்டன்

ரயிலில் இரண்டு மணி நேரம். உறையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன், கைக்குழந்தை மாதிரி.

காங்கிரஸ் நூலகத்தில் பத்திரிகைப் படிப்பறை மேடிசன் கட்டடத்தில் இருக்கிறது. வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு, 1801 மார்ச் 'நேஷனல் இன்டெலிஜென்சர்' பார்த்தேன், நுண்படத்தில்தான். ஜெபர்சன் இந்த நகரத்தில் பதவியேற்ற முதல் ஜனாதிபதி. தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்தே போனார். தோற்ற ஆடம்ஸ் விடிவதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். பேச்சின் நகலை ஜெபர்சன் முன்கூட்டியே அந்தப் பத்திரிகையை நடத்திய சாமுவேல் ஹாரிசன் ஸ்மித்திடம் கொடுத்துவிட்டதால், கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அச்சிட்ட பிரதி தயாராக இருந்தது. ஜெபர்சனின் குரல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கே பாதி கேட்கவில்லை. வெளியே வாங்கிப் படித்தவர்கள்தான் முழுசாகத் தெரிந்துகொண்டார்கள். அச்சுக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய நாள்.

கேபிடல் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றினோம். லிங்கன் பேசியது கிழக்கு வாசலில். ரீகனிலிருந்து பெரும்பாலும் மேற்கு வாசல். பென்சில்வேனியா அவென்யூவில் பத்திரிகைக்கென்றே ஒரு பெரிய அருங்காட்சியகம் இருந்தது, நியூசியம். வாசலில் தினமும் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் முதல் பக்கங்களை வைப்பார்களாம். 2019 கடைசி நாளோடு மூடிவிட்டார்கள். நான் எப்போதும் இப்படித்தான், நாலு வருடம் தாமதமாக வருவேன்.

ராத்திரி அறைக்கு வந்து, கட்டில் மேல் வெள்ளைத் துண்டை விரித்து, பேப்பரை முதல்முறையாக நல்ல வெளிச்சத்தில் எடுத்தேன். இவள் போன் விளக்கைப் பிடித்தாள். இரண்டாம் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன், குதிரை வரைக்கும். அப்புறம் பின்பக்கம் திருப்பினேன். நாலாம் பக்கத்தை நான் கடையில் பார்க்கவே இல்லை.

விளம்பரங்களுக்கு மேலே, பழுப்பு நிறத்தில், மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகக் கறை. முதலில் தண்ணீர்க் கறை என்று நினைத்தேன். தண்ணீர் இவ்வளவு நேராக ஓடாது. பத்திக்கு நடுவில் அளந்து வைத்தாற்போல ஓடுகின்றன.

"விளக்கைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

மேல் பகுதியில் வெளிறிய எழுத்துகள், எல்லாம் திரும்பி இருக்கின்றன. பேப்பரைத் தலைகீழாகச் சுற்றினேன். இடமிருந்து வலமாக, ஈய எழுத்து அடுக்கிய கேஸ் முன்னால் நின்று படிப்பது போலப் படித்தேன். பத்திரிகையின் பெயர். அதே பெயர்தான். அதன் கீழே தேதி. ஏப்ரல் 20, 1865.

அந்த வீட்டில் யாரோ மார்ச் இதழை மேலே வைத்து, ஏப்ரல் இதழை அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து மடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். நூற்று ஐம்பது வருடமாக இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்ததில், துக்கப் பக்கத்து மை கொஞ்சம் கொஞ்சமாக இதில் இறங்கியிருக்கிறது. திருப்பிப் போட்ட ரூல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

இவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது மட்டும் அங்க தனியா கிடக்கே" என்றாள்.

கையிருப்பில் 165 போக மிச்சம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மகனிடம் கேட்க மாட்டேன் என்று சொன்னது புதன்கிழமை. மணி பத்தரை ஆகியிருந்தது. பரவாயில்லை என்று முதலில் எக்ஸ்டனுக்குப் போட்டேன்.

"மாப்ளே, தூங்கிட்டியா? அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தச் சந்தைக்கு இன்னொரு தடவை போக முடியுமா?"